நாலு இன்ச்

பசார் மாலாமில் ஜீன்ஸ் வாங்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. பட்டனைப் போட்டு, இடுப்புப் பட்டியை இரண்டாக மடித்து, அப்படியே கழுத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். இரண்டு முனையும் பின்கழுத்தில் தொட்டுக்கொண்டால் அந்த ஜீன்ஸ் இடுப்புக்குச் சரியாக இருக்கும். கழுத்துச் சுற்றளவு இடுப்பில் பாதி என்பது கணக்கு. பிட்டிங் ரூம் இல்லாத இடத்தில் ஆம்பளை பொம்பளை எல்லாரும் இப்படித்தான் பார்ப்பார்கள். பதினாறு வயதில் பார்லிம் பசார் மாலாமில் நானும் இப்படித்தான் பார்த்தேன். அழகாகத் தொட்டது. இருபத்தைந்து வெள்ளி கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து போட்டால் தொடைக்கு மேல் ஏறவில்லை.

அம்மா கதவோரமாக நின்று பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஏத்த உடுப்பு போடுன்னு சொன்னா கேக்கிறியா?" என்றார். திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த ஜீன்ஸ் தம்பிக்குப் போனது.

இப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. தையல்காரர்கள் பேச்சில் இடுப்பு என்றால் தொப்புளை ஒட்டிய சுற்றளவு. அதற்குக் கீழே பின்பக்கம் அதிகமாகத் துருத்தியிருக்கும் இடத்தின் சுற்றளவு சீட். எனக்கு இடுப்பு 30, சீட் 44. இந்த இரண்டு எண்களையும் பொதுவில் எழுத எனக்குப் பதினேழு வருடம் ஆகியிருக்கிறது.

பேரங்காடியில் ஜீன்ஸ் தேடிப் போகும் நாள் எப்படி இருக்கும் என்று என்னைப் போன்ற உடம்புக்காரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் 30 எடுப்பேன். முட்டியைத் தாண்டும், தொடையில் நிற்கும். 32 பாதி வரும். 34 ஏறிவிடும். தொடை சரி, பின்பக்கம் சரி. ஆனால் இடுப்பில், முதுகுப் பக்கமாக, ஒரு கையை முழுசாக உள்ளே விடலாம். உட்கார்ந்தால் அந்த இடைவெளி வாயைத் திறந்துகொள்ளும். பெல்ட் போட்டு இறுக்கினால் துணி கொசுவம் மாதிரி மடிந்து நிற்கும். ஒரு கடையில் விற்பனைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே, "காக், சைஸ் தாடா" என்றாள். குரலில் இரக்கம்தான் இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

பிறகு ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். 34 வாங்கிப் பெல்ட் போட்டு, அதன்மேல் முட்டி வரைக்கும் தொங்கும் குர்தி. ஆறு வருடம் இப்படி ஓட்டினேன். பயான் லெப்பாஸில் வேலை. தினமும் மோட்டாரில் போய்வருகிறேன். குர்தி சக்கரத்தில் மாட்டாமல் இருக்க முன்னால் இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்ட வேண்டும். யாராவது "ஜீன்ஸ் உனக்கு நல்லா இருக்கு" என்றால் அவர்கள் பார்த்தது முட்டிக்குக் கீழே உள்ள பகுதியைத்தான்.

கணக்காகப் பார்த்தால் பிரச்சினை சின்னதுதான். நான் போட்டுப் பார்த்த ஜீன்ஸ்களில் பெரும்பாலும் இடுப்புக்கும் சீட்டுக்கும் பத்து இன்ச் அளவில்தான் வித்தியாசம். இடுப்பு 30 என்றால் சீட் 40. என் வித்தியாசம் பதினான்கு. ஆகவே சீட்டுக்குச் சரியாக வாங்கினால் இடுப்பில் நாலு இன்ச் மிஞ்சும். இடுப்புக்குச் சரியாக வாங்கினால் சீட்டில் நாலு இன்ச் போதாது. என் இளமைக்காலம் முழுவதும் உடம்பின் குற்றம் என்று நான் நினைத்திருந்தது இந்த நாலு இன்ச்சைத்தான்.

அந்தப் பத்து எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஜீன்ஸ் முதலில் பெண்களுக்கான உடையே இல்லை. நெவாடாவின் ரீனோ நகரத்துத் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும், பாக்கெட் முனையில் செம்பு ரிவெட் அடிக்கும் முறைக்கு 1873 மே 20 அன்று காப்புரிமை வாங்கினார்கள். சுரங்கத்திலும் காட்டிலும் வேலை செய்யும் ஆண்களின் கால்சட்டை கிழியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அந்தக் கம்பெனி பெண்களுக்கென்று தனியாக ஜீன்ஸ் கொண்டுவந்தது 1934இல். இடையில் 61 வருடம்.

பெண்களின் அளவுக்கு வந்தால் கதை இன்னும் சுவாரசியம். 1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வேளாண் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். முடிவுகள் 1941இல் வெளிவந்தன. அதில் வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகள் மட்டும்தான் கணக்கில் சேர்ந்தன. அளவெடுப்பவர்களுக்குக் கொடுத்த அறிவுரையில் ஒரு விஷயம் இருந்தது. கூட்டத்தில் மனத்தாங்கல் வரக்கூடாது என்பதற்காக வேறு இனத்துப் பெண்கள் ஓரிருவரையும் அளக்க நேர்ந்தால், அந்தத் தாளில் குறிப்பு எழுதிவிட வேண்டும். பிறகு அவை ஒதுக்கப்படும். அந்த ஓரிருவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். வரிசையில் நின்றிருப்பார்கள். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கியிருப்பார்கள். 59 முறை நாடா உடம்பைச் சுற்றியிருக்கும். தன்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நம்பி வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இந்த ஆய்வை வைத்து 1958இல் பெண்கள் உடைக்கு ஓர் அமெரிக்க அளவுத் தரம் வந்தது. 1983இல் அதைக் கைவிட்டார்கள். இன்றைக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்த அட்டவணை இருக்கிறது. ஆனால் வேலை செய்யும் முறை பெரிதாக மாறவில்லை. நடு அளவில் ஒரு பெண்ணை வைத்து முதல் ஜீன்ஸை வெட்டுவார்கள். மற்ற அளவுகளுக்கு அதே வடிவத்தைச் சமமாகக் கூட்டிக் குறைப்பார்கள். எண் பெரிதாகும்போது எல்லா இடமும் சேர்ந்து பெரிதாகும் என்பது அதன் நம்பிக்கை. என் உடம்பு அந்த நம்பிக்கைக்குக் கட்டுப்படவில்லை, அவ்வளவுதான். இந்தியாவில் நிஃப்ட் நிறுவனம் 6 நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். பினாங்கில் மோட்டார் ஓட்டும் என் சீட் அதில் வரப்போவதில்லை.

நம்மூர் உடைகள் எண் கேட்பதில்லை. சேலைக்கு அளவு கிடையாது. சாரோங்கை இழுத்துச் சொருகினால் முடிந்தது. பஞ்சாபி சூட்டின் சல்வாருக்கு நாடா இருக்கிறது. பள்ளிக்குப் போட்ட பாஜு கூரோங், உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே காட்டிக்கொடுக்காது. இதைச் சொன்னால் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள்: "அதான் சொல்றோம், அதையே போடு." போடுகிறேன். தைப்பூசத்துக்குச் சேலை கட்டாமல் போனதில்லை. ஆனால் மழையில் பாலத்தின்மேல் மோட்டார் ஓட்டும்போது எனக்கு ஜீன்ஸ்தான் வேண்டும். சாவி வைக்கப் பாக்கெட் வேண்டும். என் உடம்பு இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே தெரிந்தால் என்ன என்ற ஆசையும் இருந்தது. இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்ல எனக்குக் கூச்சம்.

போன வருடம் ஒரு புது 34 வாங்கி, ஓர் அஞ்சடியில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரரிடம் கொடுத்தேன். "இடுப்பைக் குறைக்கணும், நாலு இன்ச்." அவர் பட்டியைப் பிரித்து, பின்னால் நடுத்தையலில் மொத்தத்தையும் பிடித்துவிட்டார். இடுப்பு கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, முதுகெலும்புக்குக் கீழே ஒரு சுண்டிய முகம் மாதிரி இருந்தது. நூற்று இருபது வெள்ளி ஜீன்ஸ். வீட்டுக்கு வந்து கட்டிலில் போட்டுவிட்டு அழுதேன். முப்பத்திரண்டு வயதில், ஒரு கால்சட்டைக்காக.

அம்மா அதை எடுத்துப் பார்த்தார். வெளிப்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. உள்பக்கத்தைத் திருப்பி, தையலை விரலால் தடவி, "யாரு இப்புடி புடிச்சது? நடுவுல ரெண்டு இன்ச்சுக்கு மேல எடுக்கக் கூடாதே" என்றார்.

அம்மா எண்பதுகளில் பயான் லெப்பாஸில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அது எனக்குத் தெரியும். தம்பி பிறந்ததும் நின்றுவிட்டார் என்றும் தெரியும். அங்கே என்ன தைத்தார் என்று நான் கேட்டதே கிடையாது. லைனில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருவர் பாக்கெட் வைப்பார், ஒருவர் ஜிப் போடுவார். அம்மாவுக்கு இடுப்புப் பட்டி. வெட்டிய துணி அளவு வாரியாகக் கட்டி, சீட்டுச் செருகி வரும். அந்தக் கட்டுக்குப் பேர் பண்டல். ஒன்பது வருடம், ஜீன்ஸ் ஜீன்ஸாக, அமெரிக்கா போகிற இடுப்புகளுக்கு அம்மா பட்டி வைத்திருக்கிறார்.

"அப்பவே தெரியுமாம்மா, நமக்கு இது சேராதுன்னு?"

நூலைப் பிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "ரிஜெக்ட் பீஸ எங்களுக்கு கம்மி வெலைக்கு குடுப்பாங்க. எல்லாப் புள்ளைங்களும் வாங்குவாங்க. ஒருநா டாய்லட்ல போயி போட்டுப் பாத்தோம். மத்தவங்களுக்கெல்லாம் ஏறிச்சு. எனக்கு ஏறல. வெளிய வந்து, எனக்கு இதெல்லாம் புடிக்காதுன்னு சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "நான் தச்ச பட்டிதான்" என்றார்.

கதவோரமாக நின்று அம்மா என்னிடம் சொன்ன அந்த வாக்கியத்தை அவர் முதலில் யாருக்குச் சொல்லிக்கொண்டார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நாடாவை எடுத்துவந்து என்னை நிற்க வைத்தார். இடுப்பு முப்பது, சீட் நாப்பத்தி நாலு என்று உரக்கச் சொன்னார். அந்த எண்களில் இரக்கமும் இல்லை, கேலியும் இல்லை. மீன் நிறுத்துச் சொல்வது மாதிரி சொன்னார். நான் பழைய காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

பிறகு வேலை. பட்டியை முழுசாகக் கழற்றினார். அந்தத் தையல்காரர் பிடித்ததைப் பிரித்து, நடுவில் இரண்டு இன்ச் மட்டும் எடுத்தார். மிச்சம் இரண்டுக்கு வழி யோக்கில் இருக்கிறது என்றார். பின்பாக்கெட்டுக்கு மேலே, பட்டிக்குக் கீழே, இரண்டு துண்டாக வந்து நடுவில் கூராக இறங்கும் பகுதிதான் யோக். ஜீன்ஸின் பின்பக்கத்துக்கு வளைவு கொடுப்பது அதுதான். நடுவில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறதோ அவ்வளவு வளைவு. பக்கத்துக்கு ஒன்றாக அதில் இரண்டு டாட் பிடித்தார், ஒவ்வொன்றும் ஒரு இன்ச். துணி நாலைந்து மடிப்பாக வரும் இடத்தை இடிகல் குழவியால் தட்டித் தட்டிப் படியவைத்தார். வீட்டு மிஷினில் 18ஆம் நம்பர் ஊசி போட்டு, கடைசியாகப் பட்டியை வெட்டி ஒட்டி, ஒட்டிய இடத்தின்மேல் நடு லூப்பை வைத்து மறைத்தார். இரண்டு ராத்திரி ஆனது. கிட்டப் போய்ப் பார்த்தால் டாட் தெரியும். பழைய தையல் இருந்த இடத்தில் துணி கொஞ்சம் அடர்நீலமாக இருக்கும். இருக்கட்டும்.

இப்போது ஜீன்ஸ் பார்க்கப் போனால் நான் இடுப்பைப் பார்ப்பதே இல்லை. சீட்டுக்கு எடுக்கிறேன். யோக் நேராக இருந்தால் திரும்ப வைத்துவிடுகிறேன். பட்டி நேர் துண்டா, வளைத்து வெட்டியதா என்று மேசையில் விரித்துப் பார்க்கிறேன். வளைத்து வெட்டியது முதுகோடு ஒட்டும். எலாஸ்டேன் அதிகம் கலந்த துணி காலையில் கட்டிப்பிடிக்கும், சாயங்காலம் பட்டியும் சேர்ந்து தளர்ந்துவிடும் என்று அனுபவத்தில் தெரியும். ஆல்டர் செய்ய முப்பது வெள்ளி ஆகும் என்றால் அதையும் சேர்த்துத்தான் விலை போட்டுப் பார்க்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு ஜீன்ஸ் கடையில் பாதிதான் கிடைக்கும். மீதியை யாராவது தைத்துத் தர வேண்டும்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். அம்மாவும் வருகிறேன் என்றார். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், தார்ப்பாயில் பழைய கடிகாரம், ரேடியோ, செருப்பு எல்லாம் பரப்பியிருப்பார்கள். துணிக்காரர்கள் மூட்டையைக் கொட்டிவைத்திருப்பார்கள். அதற்கும் பேர் பண்டல்தான். அம்மா குனிந்து, குவியலிலிருந்து ஒவ்வொரு ஜீன்ஸாக எடுத்து உள்பக்கம் திருப்பிப் பட்டியைத் தடவிப் பார்த்தார். "இது நல்ல கை" என்று ஒன்றைப் பற்றிச் சொன்னார்.

நான் பக்கத்துக் குவியலில் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அம்மா அந்த ஜீன்ஸைத் தன் சேலையின்மேல், இடுப்பில் வைத்துப் பிடித்திருந்தார். குனிந்து பார்த்தார். ஒரு கையால் பக்கத்தை இழுத்துப் பின்னால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டார். பிறகு நான்காக மடித்து, மூலை பிசகாமல், குவியலின்மேல் வைத்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

அவர் தேங்காய் விற்கிற பக்கம் நகர்ந்ததும் அதை எடுத்து அளவு பார்த்தேன். எட்டு வெள்ளி. சீட் போதும். இடுப்பில் மூன்று இன்ச் மிஞ்சும்.