ஐந்து சீமெந்து மூடை

எலுவன்குளத்தாருக்குத் தண்ணீரின் பலத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கலா ஓயா பெருகிச் சப்பாத்துப் பாலத்தை மூடினால் பாதையே நின்றுபோகும். ஆனால் சும்மா நிற்கும் தண்ணீரின் பாரத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ராத்தாவின் மகன் வாங்கிவந்த மீன்தொட்டி 3 அடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. நிரப்பினால் 191 லீற்றர், அதாவது 191 கிலோ. கண்ணாடி முப்பதுக்கு மேல், சரளைக்கல் இருபது. கூட்டினால் ஐந்து சீமெந்து மூடை! அதை வாப்பாவின் எழுத்து மேசையில் வைக்கப் பார்த்தான். அவனுடைய சின்ன மகள் தவழ்ந்து விளையாடுவது அந்த மேசைக்கடியில்தான்.

"தேக்கு மேசை, மாமா" என்றான்.

தேக்குத்தான். பலகை தாங்கும், கால்களின் பொருத்துகள் தாங்க வேண்டுமே. சீமெந்து மூடை வைத்தபடி கிடக்கும். தண்ணீரோ லேசாகத் தட்டினாலும் அலைந்து, மேசையைப் பக்கவாட்டில் ஆட்டும். பழைய மேசைகள் விழுவது அப்படித்தான்.

தச்சரைக் கொண்டு தனி நிலை செய்வித்தோம். பாரம் ஆணிகளில் தொங்காமல் கால்கள் வழியே நேரே தரைக்கு இறங்குகிறது. ஆடாமலிருக்க முதுகில் ப்ளைவுட். தொட்டிக்கடியில் றெஜிபோம் தகடு. அது இல்லாவிட்டால் ஒரு சிறு கல் போதும், அடிக்கண்ணாடி வெடிக்க.

வாப்பாவின் மேசையில் இப்போது மீன்தீன் டப்பா மட்டும் இருக்கிறது.