வளவு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய முதல் வீட்டைப் பார்க்கப் போன அன்று, அம்மா வீட்டுக்குள் நுழையவேயில்லை. குசினியைக் காட்டக் காத்திருந்த முகவரை வாசலிலேயே விட்டுவிட்டுப் பக்கத்துப் பாதையால் பின்னுக்குப் போனார். வேலியோரமாக ஒரு சுற்று நடந்து வந்து, "வளவு எத்தினை பரப்பு?" என்றார். 50 அடி அகலம், 110 அடி நீளம் என்றேன். 16 பரப்பு ஓர் ஏக்கர். மனக்கணக்குப் போட்டு அவரே சொன்னார்: இரண்டு பரப்பு, அதற்கு மேலே பாய் விரிக்கிற அளவு கொஞ்சம்.

யாழ்ப்பாணத்தில் வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும்தான். குடும்பம் இருக்கும் இடம் வளவு. கிணறு, கிணற்றடி வாழை, பனை, மாட்டுக்கொட்டில், படலை, கிளுவங்கதியால் வேலி, பக்கத்து வளவுக்குக் குனிந்து போக அந்த வேலியில் ஒரு பொட்டு, எல்லாம் அதற்குள் சேர்த்தி. கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய சனம் நாங்கள். காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் அதற்குப் போகும் வழிவாய்க்காலும் மறக்காமல் எழுதப்பட்டிருக்கும். 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள் பல வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது, பலருக்கு வீடு இல்லை. பற்றைக்குள் கிணற்றைத் தேடிப் பிடித்துத்தான் வளவை அடையாளம் கண்டார்கள்.

செட்டிநாட்டில் இதே சொல் வீட்டுக்குள் போய்விடுகிறது. முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த உட்பகுதிதான் அங்கே வளவு. சிங்களத்தில் 'வலவ்வ' என்றால் பிரபுக்களின் மாளிகை. எங்கள் வளவுக்கு அந்தப் பவுசு கிடையாது. ஓலைக் கொட்டில் நின்றாலும் வளவுதான்.

மகளுக்குக் கலியாணம் என்றால் அதே வளவில் ஒரு துண்டு பிரித்து வீடு கட்டிக் கொடுப்பார்கள். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரிக்கிறதே, எங்கள் ஊரில் அந்த மூன்றும் கடைசியில் வளவில்தான் வந்து நிற்கும். அம்மம்மா வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நடுவே எங்களுக்கு மதில் இருக்கவில்லை, ஒரு மாமரம் இருந்தது.

இங்கே அந்தச் சொல் 'பின்வளவு' என்று சுருங்கிவிட்டது. அதுவும் பனி விழுந்தால் ஐந்து மாதம் கண்ணில் படாது. பக்கம் பக்கமாக இருந்த குடும்பம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது: பேஸ்மென்ட்டில் தங்கச்சி குடும்பம், நடுவில் நாங்கள், மேலே அம்மா. தங்கச்சி குழம்புச் சட்டியோடு படியேறி வரும்போதெல்லாம் எனக்கு அந்த வேலிப் பொட்டுத்தான் நினைவுக்கு வரும்.

2022இல் ரொறன்ரோ மாநகரசபை, பின்வளவுகளில் இன்னொரு சிறு வீடு கட்டலாம் என்று அனுமதித்தது. தங்கச்சிக்கு அப்படி ஒன்று கட்டினால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். நகரசபை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல நான் விளக்கியது அவருக்குப் பிடிக்கவில்லை.

"உதைத்தானே தம்பி நாங்கள் ஊரிலை எந்த நாளும் செய்தனாங்கள்" என்றார். பிறகு யன்னலால் பின்னுக்குப் பார்த்துவிட்டு, "சரி, கிணறு எவடத்தை?" என்றார்.