பச்சைத் தண்ணீர்

பிறருடைய நட்டங்களை முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதிவந்தவன் நான். இன்று என்னுடையது.

வவுனியாவில் எங்கள் வளவின் பின்புறம் இரண்டு பரப்பில் குளம் வெட்டி விரால் விட்டோம். விராலுக்கு இரையாகத் திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் ஓயாமல் பெருகுவது. குஞ்சுகளை விரால் தின்று குறைக்காவிட்டால் குளம் நிறைந்து, எல்லாமே வளர்ச்சியின்றிக் குறுகிவிடும். குஞ்சுகளுக்கு உணவு நீரிலுள்ள பாசி. பாசிக்கு உரம் மாட்டெரு.

“தம்பி, முழங்கைவரை கையைத் தண்ணிக்குள்ள விட்டுப் பாருங்கோ. விரல்நுனி தெரியாட்டி எருப் போடாதேங்கோ” என்றார் பக்கத்துக் காணிப் பெரியவர். கலைப்பட்டதாரியான எனக்கோ பச்சை என்றாலே செழிப்பு. போட்டுக்கொண்டே இருந்தேன்.

கடந்த மார்கழியில் நான்கு நாட்கள் வெயிலே இல்லை. பாசி பகலில் ஒட்சிசனை வெளியிடும். இரவில் அதுவும் சுவாசிக்கும். மூடிய வானத்தின் கீழ்ப் பகல் வரவு குறைந்தது. இரவுச் செலவு குறையவில்லை. அழுகும் எருவும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் விடியலில் திலாப்பியாக்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து நின்றன; வெளிச்சம் வந்தபோது குளம் முழுவதும் வெள்ளை வயிறுகள். ஏழு கடகம் மீனை வாழையடியில் புதைத்தோம். மனைவி ஒரு சொல்லும் பேசவில்லை.

விரால்கள் சாகவில்லை. மேலே வந்து காற்றைச் சுவாசிக்க வல்லவை அவை. இரையற்ற நீரில் பெரியவை சிறியவற்றைத் தின்னத் தொடங்கின.

மாசியில் பெரியவர் உள்ளங்கையளவுத் திலாப்பியாக்களை வாளியில் கொண்டுவந்தார். விலை கேட்டேன். பதில் சொல்லாமல் சட்டைக்கையை மடித்துக்கொண்டு குளத்தில் இறங்கினார்.