ஓஃபிர் சாலையில் ஒரு பெரிய குடும்பம்

ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் போதும். வாகன இரைச்சலுக்கும் உயரமான கட்டடங்களுக்கும் நடுவே ஓர் ஊசிக் கோபுரம் தலைகாட்டும். ஒரு பக்கம் லிட்டில் இந்தியா, மறுபக்கம் கம்போங் கிளாம். இரண்டுக்கும் இடையில் ஓஃபிர் சாலையில் நிற்கிறது லூர்து அன்னை தேவாலயம். தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகும் வழியில் பேருந்திலிருந்து இதைப் பார்த்திருப்பீர்கள். இது தமிழர்களுக்காகவே கட்டப்பட்ட கோயில் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் இங்கிருந்த தமிழ்க் கத்தோலிக்கர்கள், குவீன் ஸ்திரீட்டிலுள்ள தூய பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கர்களுடன் சேர்ந்து வழிபட்டு வந்தார்கள். தங்கள் மொழியில் வழிபடத் தங்களுக்கென்று ஓர் ஆலயம் வேண்டும் என்ற ஆசை, 1886ல் அடிக்கல்லாக மாறியது. அதை நாட்டியவர் அப்போதைய ஆளுநர் சர் ஃபிரெடரிக் வெல்ட். 1888ல் ஆலயம் எழுந்தது. பிரான்சின் லூர்து நகரிலுள்ள பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்ட கட்டடம் இது. 2005ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

நான் கிறிஸ்துவர் இல்லை. எங்கள் புளோக்கில் குடியிருக்கும் அக்கா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலிக்கு அழைத்ததால் போனேன். தொழில் பழக்கமோ என்னவோ, எனக்குக் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். வானொலியில் நாங்கள் பிறந்தநாள் வாழ்த்தும் வாசிப்போம், இறப்புச் செய்தியும் வாசிப்போம். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்க மாட்டோம். நடுவில் ஒரு பாட்டைப் போட்டு நேயர்களைத் தேற்றிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவோம். இங்கே அந்த இடைவெளி இல்லை. இறந்தவர்களின் பெயரைச் சொல்லி மன்றாடிய அதே குரல், நோயாளிகளுக்காக மன்றாடியது. மூச்சு விட்டு, திருமண நாள் காணும் தம்பதியருக்கு நன்றி சொன்னது. தமிழ்க் கிறிஸ்துவர்களிடம் திருமண ஓலை வாசிக்கும் வழக்கம் உண்டு. அதையும் இப்படித்தான் சபை நடுவே வாசிப்பார்கள் என்றார் அக்கா.

அன்று வாசித்த இறந்தவர் பெயர்களில் அவர் கணவர் பெயரும் இருந்தது. அவர் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உடல் வைக்கப்பட்டிருந்த மூன்று நாளும் மாலையில் ஆலயத்து ஆட்கள் வேலை முடிந்த கையோடு வந்தார்கள். செபமாலை சொன்னார்கள், நாற்காலி அடுக்கினார்கள். யாரோ ஒரு பெரிய பாத்திரத்தில் மீஹூன் கொண்டுவந்தார்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதை அங்கே முழுமையாகப் பார்த்தேன்.

ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கெட்டதுக்கு எல்லாரும் வரலாம். கெட்டது நடந்த வீட்டுக்காரர் நல்லதுக்கு வரலாமா? அக்காவை அரித்த கேள்வி அதுதான். கணவர் நன்றாக இருந்தபோதே, ஆலயத்தில் பழகிய ஓர் இளம் தம்பதி தங்கள் பிள்ளைக்கு அவரை ஞானத்தாயாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். திருமுழுக்கு நாளும் குறித்தாயிற்று. இவர் போய், “வேற யாரையாவது பாருங்கம்மா. துக்க வீட்டுக்காரி நான். பிள்ளையத் தூக்கினா பெரியவங்க மனசுல ஏதாவது தோணும்” என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பிள்ளையின் பாட்டியே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாராம். “உன் வீட்டுல அழுதப்ப நாங்க வந்தோம்ல? இப்ப எங்க வீட்டுல சிரிக்கிறோம். நீ வராம எப்படிடி?”

திருப்பலிக்குப் பின் திருமுழுக்கு நடந்தது. சந்தன நிறச் சேலையில் அக்கா முன்னே போய் நின்றார். தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டது. வெள்ளாடை போர்த்தினார்கள். ஞானத்தந்தை பாஸ்கா திரியிலிருந்து மெழுகுவர்த்தி ஏற்றினார். பிள்ளை அழுகையை நிறுத்திய நேரத்தில் அக்கா அழத் தொடங்கினார். “நல்ல நாள் அதுவுமா அழாதே” என்று யாரும் சொல்லவில்லை. பாட்டி மட்டும் தன் கைக்குட்டையை நீட்டினார். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள்.

மகிழ்வோரோடு மகிழவும் அழுவோரோடு அழவும் ரோமையருக்கு எழுதிய மடலில் பவுலடியார் சொல்லியிருக்கிறார். அழுவோரோடு அழுவது நமக்குப் பழக்கம்தான். அழுகிறவரைத் தங்கள் மகிழ்ச்சிக்குள் அழைத்து, நடுவில் நிறுத்தி, கையில் பிள்ளையையும் கொடுப்பதற்கு இன்னும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மனத்தாங்கல் இல்லாத குடும்பம் கிடையாது, இங்கும் இருக்கும். ஆனால் அந்தத் துணிச்சல் இருக்கும் வரை அதைக் குடும்பம் என்றே சொல்லலாம்.

பிப்ரவரி 11 லூர்து அன்னை திருநாள். அன்றோ ஏதாவதொரு ஞாயிறோ போகிறவர்கள் கோபுரத்தைப் படம் பிடித்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். வழிபாடு முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது கொஞ்ச நேரம் வாசலில் நில்லுங்கள். “அம்மாவுக்கு ஆபரேஷன் எப்ப?”, “தம்பிக்கு வேலை கிடைச்சிடுச்சா?”, “மகளுக்கு எத்தனை மாசம்?” என்று விசாரிப்புகள் காதில் விழும். பதில் வரும் வரை, கேட்டவர் நகர்வதில்லை.