பீங்கானின் அடிப்புறம்

யாராவது ஒரு பீங்கானைக் கையில் தந்தால் அதிலுள்ள பூவையும் பறவையையும் நான் பிறகுதான் பார்ப்பேன். முதலில் கவிழ்ப்பேன். முகத்தைப் பார்த்துப் போலி செய்ய எல்லாக் காலத்திலும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள்; அடியையும் சேர்த்துப் போலி செய்ய மெனக்கெடுகிறவர்கள் குறைவு. மெருகு பூசாமல் விட்ட அடி வளையத்தில் மண்ணின் நிறம் தெரியும், சூளைக்குள் அது எதன்மேல் இருந்தது என்பதும் தெரியும். சீனாவின் சிங்டசென் பீங்கானில் வெள்ளை மண்ணும் மெருகும் சந்திக்கிற இடத்தில் பல வேளை துருநிறத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். ஃபூஜியன் கரையோரத்துச் சாங்சோ சூளைகளின் பழைய தட்டு என்றால் அடியில் கரடுமுரடான மணல் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணே தேவையில்லை, விரல் போதும். ஜப்பானின் அரித்தாவில் சுட்ட பெரிய தட்டில், வளையத்துக்கு உள்ளே, மூன்றோ நான்கோ சின்னத் தழும்புகள் இருக்கும். சுடும்போது தட்டின் நடு தொய்ந்துவிடாமல் முட்டுக்கொடுத்த மண்முளைகளின் தடம் அது. அதே அளவு சீனத் தட்டில் அதைக் காண்பது அரிது.

அடியில் நம்பக் கூடாதது ஒன்றுதான்: முத்திரை. சீன எழுத்தில் ஓர் அரசர் பெயர் இருந்தால் பொருளும் அந்த அரசர் காலத்தது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். காங்சி காலத்துக் (1662-1722) கைவினைஞர்களே தங்களுக்கு இருநூறு ஆண்டு முந்திய செங்குவாவின் பெயரை எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர்கள் காங்சியின் பெயரை எழுதினார்கள். அதில் எப்போதும் ஏமாற்று இல்லை. முன்னோருக்குக் காட்டும் மரியாதையும் உண்டு. விற்கிறவர் வாயில் அந்த மரியாதை விலையாக மாறும்போதுதான் சிக்கல்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு சீன, ஜப்பானியப் பீங்கான் சேர்க்கிறேன் என்றால் கொழும்பு நண்பர்கள் சிரிப்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. நாட்டின் பெரிய கண்டெடுப்புகள் எங்கள் பக்கம் இல்லை. திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தையில் 1980களில் ஜோன் காஸ்வெல் குழுவினர் அகழ்ந்தபோது தாங் காலத்து ஓடுகள் கிடைத்தன. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் 1977இல் சொங் காலத்துக் கலங்கள் வெளிப்பட்டன. 2018இல் சங்காய் அருங்காட்சியகத்தார் வந்து அங்கே மறுபடி அகழ்ந்தார்கள். எங்கள் வாவி அந்தப் பெருவழியிலிருந்து சற்று ஒதுங்கியது. மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். மிங் அரசு விழுந்து சீனச் சரக்கு தடைப்பட்டபோது, 1659இல், அதே ஒல்லாந்தக் கம்பனி அரித்தாவுக்குப் பெரிய கட்டளை கொடுத்தது. அதில் ஒன்றிரண்டு இந்தக் கோட்டை அதிகாரியின் மேசைக்கும் வந்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டு அலுமாரிகளில் இன்று இருப்பவை அவற்றுக்கு மிகவும் பிந்தியவை. நான் சேர்ப்பதும் அவற்றைத்தான்.

பிந்தியவை என்பதால் குறைந்தவை என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு தட்டு எந்தச் சூளையில் பிறந்தது என்பதைப் புத்தகம் பார்த்துச் சொல்லிவிடலாம். இங்கே வந்து என்ன செய்தது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது, தட்டுத்தான் சொல்லும். ஐரோப்பியச் சேகரிப்புகளில் இருக்கும் பழைய தட்டுகளின் முகத்தைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால் கத்தியும் முள்ளும் கீறிய மெல்லிய கோடுகள் குறுக்கும் மறுக்குமாக இருக்கும். எங்கள் ஊர்த் தட்டில் அது இராது. நாங்கள் கையால் சாப்பிடுகிறவர்கள். அதற்குப் பதில் வேறு தடங்கள்: ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததில் மேல்தட்டின் அடி வளையம் கீழ்த்தட்டின் நடுவில் தேய்த்த வட்டம், மெருகு வெடிப்புகளுக்குள் இறங்கிய மஞ்சள் நிறம், மெருகுக்கு மேல் தீட்டிய பொன்கோடு விரல் படும் இடத்தில் மட்டும் அழிந்திருப்பது. மட்டக்களப்பில் எடுத்த ஒரு தட்டில் கத்திக் கீறல் கண்டால், அது ஏதோ பறங்கியர் வீட்டிலோ, மிசன் பங்களாவிலோ, வாடி வீட்டிலோ இருந்து வந்தது என்று ஊகிப்பேன். கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

மஞ்சள் கறையை நீக்கப் பலர் குளோரின் தண்ணீரில் போடுகிறார்கள். வேண்டாம். இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தாலே மஞ்சள் தானாக வெளிறும். நான் அதையும் செய்வதில்லை. ஒரு குடும்பத்தின் சோறும் கறியும் எழுதி வைத்ததை அழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

சஹன் இல்லாமல் இந்தப் பக்கத்துப் பீங்கானைப் பற்றி எழுத முடியாது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்யாண விருந்தில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அதற்கான பழைய பெரிய தட்டுகளைச் "சீனத்துச் சஹன்" என்று சொல்லித் தருவார்கள். கவிழ்த்தால் பல வேளை அடியில் ஸ்பிங்ஸ் உருவம் இருக்கும்: ஒல்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரத்துப் பெட்ருஸ் ரெகூ தொழிற்சாலை. சீனப் பீங்கானைப் பார்த்து ஐரோப்பா செய்த மலிவான மண்பாண்டம், நீராவிக் கப்பல் காலத்தில் ஆசியச் சந்தையெங்கும் இறங்கியது. பஞ்சால் ஒற்றிய பூவும், குடை பிடித்த கீழைநாட்டுப் பெண்ணும் அதில் இருக்கும். சுண்டிப் பார்த்தால் சீனப் பீங்கானின் மணிச்சத்தம் வராது. மங்கிய ஒலிதான் வரும். தூய சேகரிப்பாளர்கள் இதைத் தொட மாட்டார்கள். நான் தொடுவேன். சீனா இந்த வாவிக்கரைக்கு ஒல்லாந்து வழியாகச் சுற்றி வந்த கதை அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

காத்தான்குடியில் ஒரு மூதாட்டியின் வீட்டில் அப்படி ஒரு சஹனைப் பார்த்தேன். உடைந்து, துளை போட்டுச் செப்புக் கம்பியால் ஏழு இடத்தில் தைத்திருந்தது. ஜப்பானில் அரக்கும் பொன்னும் வைத்து ஒட்டுவதைப் பற்றி உலகமே பேசுகிறது. இந்தக் கம்பித் தையலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "உடைஞ்சத வீட்டில வெக்கக் கூடாதெண்டு சொல்லுவாங்களே உம்மா" என்றேன். "இது உடைஞ்சதில்ல மனே, தைச்சது" என்றார். விலை கேட்க வாயெடுக்கவில்லை. அடியைப் படமெடுத்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டேன்.

விலை கேட்பதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இந்த மாவட்டம் 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டது, போரைக் கண்டது, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்டது. ஒவ்வொன்றுக்கும் பிறகு மூட்டையோடு வந்து, பழைய பீங்கானுக்குப் புதிய கண்ணாடி செட் மாற்றிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். இழந்த வீட்டில் மிஞ்சியது எது என்று தேடி வருகிறவன் சேகரிப்பாளன் இல்லை. விற்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவெடுத்து, பிள்ளைகளும் சம்மதித்து, அது என்ன பொருள் என்று நானே சொல்லிய பிறகுதான் விலை பேசுவேன். இதனால் நல்ல பொருட்கள் பல கைதவறிப் போயின. போகட்டும்.

கடல்நீர் கண்ட தட்டுகளைக் கழுவித் துடைத்து அலுமாரியில் வைத்தால் போதும் என்று பலர் நினைத்தார்கள். உண்மையான பீங்கானுக்கு அது போதும். அதன் உடல் கண்ணாடியாக இறுகியது, நீர் உட்புகாது. மாஸ்ட்ரிக்ட் தட்டு அப்படியல்ல. உப்பு உள்ளே இறங்கி, ஈரம் காயக் காயப் படிகமாகித் தடித்து, மெருகைச் செதில் செதிலாகத் தள்ளும். மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். மருந்து ஒன்றே: உப்பில்லாத தண்ணீரில் ஊறப் போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கல்லடியில் கிணற்றுத் தண்ணீரே உவர் என்பதால் நான் மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரைப் பாவிப்பேன். ஊறிய தண்ணீரில் ஒரு துளி சில்வர் நைத்திரேற்று விட்டால் வெள்ளையாகக் கலங்கும்வரை உப்பு இருக்கிறது என்று பொருள். கலங்காவிட்டால் எடுத்து நிழலில் உலர்த்தலாம். ஒட்டுவதற்கு அரல்டைட் வேண்டாம். மஞ்சளாகும், பிரிப்பதும் பெரும்பாடு. அருங்காட்சியகங்கள் பாவிக்கும் பாரலாய்ட் பி-72 எப்போது வேண்டுமானாலும் அசிற்றோனில் கரையும்.

ஜப்பானியப் பொருட்களுக்கு முத்திரை ஓரளவு உதவும். அமெரிக்கச் சட்டத்துக்காக 1891 முதல் "நிப்பொன்" என்றும், 1921 முதல் "ஜப்பான்" என்றும் எழுதினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1952 வரை "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்" என்று எழுதியவையும் உண்டு. எங்கள் ஊர்ச் சோகேசில் அதிகம் காண்பது முட்டைத்தோட்டைப் போல மெல்லிய தேநீர்க் கோப்பை: வெளியே புடைப்பாக ஒரு டிராகன், குடித்து முடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் அடியில் ஒரு கெய்சாப் பெண்ணின் முகம். மண்ணின் தடிப்பைக் கூட்டிக் குறைத்தே அந்த முகத்தை வடித்திருக்கிறார்கள். அதில் ஒரு துளி வர்ணமும் இல்லை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இந்தக் கரைக்கு நேரே ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அன்று கரையில் நின்று புகையைப் பார்த்தவர்களில் சிலருடைய அலுமாரியிலாவது அந்தக் கெய்சா இருந்திருப்பாள். அதற்காக யாரும் அவளை வெளியே எறிந்ததாக நான் கேள்விப்படவில்லை. 1970களில் மாத்தளையில் நொரிட்டாக்கேயின் தொழிற்சாலை வந்த பிறகு ஜப்பானியப் பீங்கானே உள்நாட்டுப் பொருளாகிவிட்டது. அதையும் என் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைக்கிறது. அதற்கு முந்திய பொருள் தொல்பொருள். மண்ணுக்குள் இருந்து வெளிப்பட்டால் அது அரசுக்குரியது. அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. மாரி முடிந்து வாவித் தண்ணீர் இறங்கும்போது கரையில் நீலக்கோடு போட்ட ஓடுகள் தென்படுவது உண்டு. அளவுகோலை அருகே வைத்துப் படம், இடத்தின் குறிப்பு, அதோடு சரி. ஓட்டைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்தால் அது அழகான துண்டு. கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது சான்று.

புதிதாகச் சேர்க்க விரும்பும் இளையவர்களை நான் பழம்பொருள் வியாபாரிகளிடம் அனுப்புவதில்லை. ஜப்பானில் இருந்து கொள்கலனில் பாவித்த வீட்டுச் சாமான் இறக்கும் கடைகளுக்கு அனுப்புகிறேன். சைக்கிளுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு மூலையில் கோப்பைகள் குவிந்திருக்கும். அச்சடித்த நீலத்தையும் தூரிகையால் தீட்டிய நீலத்தையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அச்சில் கோடு எங்கும் ஒரே கனமாக இருக்கும், ஓவியம் ஒட்டிய இடத்தில் மூட்டுத் தெரியும். தூரிகை நீலம் நின்ற இடத்தில் குட்டையாகத் தேங்கும். விலை போட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்படி ஒரு கடையில் மெருகே இல்லாத ஒரு மண்குடுவை கிடந்தது. கழுத்து ஒடுங்கி, வெளிறிய உடலில் சிவப்புக் கோடுகள் ஓடின. பிசென் பகுதிப் பாணி. "இது என்ன சேர்?" என்று கடைக்காரர் கேட்டார். அரிசி மது ஊற்றும் குடுவை என்றதும் அவர் கையை எடுத்துக்கொண்டார். கோடுகள் வர்ணமா என்றார். இல்லை, வைக்கோலைச் சுற்றிச் சூளையில் வைத்தால் வைக்கோலில் உள்ள காரம் மண்ணின் இரும்போடு சேர்ந்து அப்படிச் சிவக்கும் என்றேன். படுவான்கரையில் வயல் வைத்திருக்கிறவர். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"நாம வைக்கல எரிச்சிப் போடுறம், அவன் அதில படம் கீறிட்டான்" என்று சொல்லிப் பாதி விலைக்குத் தந்தார்.