ஒரே ஒரு படம்

வீட்டில் பிரிண்டர் வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் பலர், படம் சரியாக வராவிட்டால் மெஷினைத்தான் திட்டுகிறார்கள். பாதிக் காரியம் தாளில் இருக்கிறது. பணிக்காலம் முழுவதும் அரசாங்கக் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்.

ஆபீஸ் கோப்பில் இருக்கும் தாள் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் தாள் அத்தனை கிராம் எடை என்று பொருள். அதில் படம் போட்டால் மை நாருக்குள் ஊறிப் பரவி முகம் மங்கிவிடும். போட்டோ தாள் பெரும்பாலும் 180-க்கு மேல். அதன்மேல் மையைப் பிடித்து நிறுத்தும் பூச்சு உண்டு. பல தாள்களில் பூச்சு ஒரு பக்கம்தான். பக்கம் பார்த்து வையுங்கள். பிரிண்ட் கொடுக்குமுன் கம்ப்யூட்டரிலும் தாளின் வகையைக் குறிப்பிட வேண்டும். இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் போடாதீர்கள். சூட்டில் பூச்சு இளகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

கல்யாணக் கலர் படங்களுக்கு கிளாஸி எடுப்பாக இருக்கும். ஆனால் விரல் ரேகை பதியும். பழைய கறுப்பு வெள்ளைக்கு நான் மேட் தாளைத்தான் எடுப்பேன்.

எங்கள் புதுச்சேரியில் கடற்காற்றின் ஈரம் தாளைச் சுருட்டிவிடும். மிச்சத் தாளைப் பாக்கெட்டோடு உறையிலிட்டு, பீரோவில் படுக்கையாக வைக்கிறேன். அச்சிட்ட படத்தை ஒரு நாள் உலரவிட்ட பிறகே சட்டம் போடுவேன். வெயில் படும் சுவரில் மாட்டுவதில்லை.

பள்ளியில் பிரெஞ்சில் படித்த பாடம் ஒன்று உண்டு. 1839-இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட தகேரின் முறையில் படம் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழும். அதிலிருந்து பிரதி எடுக்க வழியில்லை. என் அம்மாவின் படமும் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. அதை ஸ்கேன் செய்து ஆறு பிரதி போட்டேன். இரண்டு பிரான்சில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயின.

அண்ணன் பேத்திக்குத் தமிழ் தெரியாது. "இந்த அம்மாள் யார்?" என்று போனில் பிரெஞ்சில் கேட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு பிரதியின் பின்னாலும் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், அம்மாவின் பெயரையும் ஊரையும் இரண்டு மொழியிலும் எழுதுகிறேன். நீங்களும் எழுதி வையுங்கள். நல்ல தாள் முகத்தைக் காப்பாற்றும். அது யாருடைய முகம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.