மரை

நட் கழன்று கையில் விழுந்தபோது வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். போல்ட்டின் தலையில் ஸ்பானரை வைத்துத் திருப்பினேன். திரும்பியது. மறுமுனையும் கூடவே திரும்பியது. சுழல்கிறது, ஆனால் ஒரு மயிரிழைகூட வெளியே வரவில்லை.

"சுத்துறதைப் பார்த்து ஏமாறாதீங்க சார்" என்றார் பொன்மலைக்காரர். ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். "ஜாம் ஆன போல்ட்டுல ரெண்டு சாதி. அசையாதது ஒண்ணு. அசைஞ்சும் வராதது ஒண்ணு. ரெண்டாவதுதான் பொல்லாதது."

வண்டி அப்பாவுடையது. 1969-ல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. உத்தர வீதி வீட்டின் கொல்லையில், கீற்றுக் கொட்டகையின் கீழ், முப்பது வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. இரண்டு நதிகளுக்கு இடையில் உள்ள ஊர். இரும்பை வைத்துக்கொள்ளத் தோதான இடமில்லை. அப்பா போய் மூன்று வருஷமாகிறது. வண்டியை முழுசாக வாங்க ஆளில்லை. பெங்களூரிலிருந்து ஒருவர் முன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பை மட்டும் கேட்டார். அவரிடம் ஒரு பழைய ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்.

எங்கள் வீட்டு நாலு கதவு வண்டிக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்டேன். நெருங்கிய உறவுதானாம். 1959-ல் இங்கிலாந்தில் வந்த ஹெரால்டின் முன் அமைப்பைத்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயருக்கும் வைத்தார்கள். லோட்டஸ் எலானில்கூட அந்தச் சக்கரத் தூண்தான். சென்னையில் 1961 முதல் ஹெரால்டு செய்தார்கள். நாலு கதவு ஹெரால்டு என்பது இங்கே மட்டும் பிறந்தது. வக்கீல் கட்டுகளையும் அப்பளக்கூடைகளையும் ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்கும் கல்யாணங்களுக்கும் போன எங்கள் வண்டியின் அடியில் ஒரு பந்தய வண்டியின் எலும்பு இருந்திருக்கிறது. எங்களில் அதைத் தெரிந்து வைத்திருந்தவன் என் அண்ணா மட்டும்தான். சோழவரம் பந்தயங்களைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகளை நோட்டில் ஒட்டி வைத்திருந்தான். அந்த நோட்டே பிற்பாடு அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று.

1981-ல் ஒரு சாயங்காலம், காவிரிப் பாலத்தில், அண்ணா ஓட்டிக்கொண்டிருந்தபோது இடது முன் சக்கரம் மடங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போயிற்று. வண்டி சுவரில் உரசி நின்றது. பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. மெதுவாகத்தான் வந்தேன் என்றான் அண்ணா. அப்பா நம்பவில்லை. சக்கரம் சும்மா மடங்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அண்ணாவிடம் பதில் இல்லை. அடுத்த வருஷம் பரோடாவில் வேலை கிடைத்துப் போனான். பண்டிகைக்கு வருவான், சேவிப்பான், க்ஷேமம் விசாரிப்பான். எல்லாம் நடந்தது. நின்றுபோன உறவு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

போல்ட்டுக்கு வருகிறேன். அந்த முன் அமைப்பில், சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தூணின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கிறது. அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி இறங்குகிறது. ட்ரன்னியன் என்று அதற்குப் பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தூண் அந்த மரைக்குள்ளேயே திரும்ப வேண்டும். கட்டையின் குறுக்கே நீளமாக ஒரு போல்ட். அதைச் சுற்றி எஃகுக் குழாய், குழாயைச் சுற்றி நைலான் புஷ். போல்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் துரு. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இடைவெளி போய் இரண்டும் ஒன்றாகிவிடும். பிறகு போல்ட்டைத் திருப்பினால் குழாயும் சேர்ந்து நைலானுக்குள் சுழலும். வராது.

மூன்று நாள் முயன்றோம். முதல் நாள் என் தவறு. பதினாறில் ஒன்பது இன்ச் நட்டுக்கு பதினாலு எம்.எம். ஸ்பானர் நுழையவில்லை என்று பதினைந்தை வைத்தேன். நட்டின் முனைகள் மழுங்கின. பொன்மலைக்காரர் பழைய இன்ச் ஸ்பானரைக் கொண்டுவந்து என் கையில் அடிக்காத குறையாக வாங்கி அவரே திருகினார். பிறகு மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு ஒரு ராத்திரி விட்டோம். பிறகு பித்தளைத் துண்டை வைத்து சுத்தியல். போல்ட்டின் நுனிதான் காளானாக விரிந்தது. காய்ச்சலாமா என்றேன். வெளியே இருப்பது மட்டும் சூடாகி விரிந்தால்தான் உள்ளே இருப்பது விடுபடும். இங்கே நைலானுக்குள் மூடிக் கிடக்கிற குழாயையும் போல்ட்டையும் பிரித்துக் காய்ச்ச வழியில்லை, இரண்டும் சேர்ந்து விரியும், சேர்ந்து சுருங்கும், புஷ்தான் கருகும் என்றார்.

மூன்றாம் நாள் ஹாக்ஸா பிளேடை எடுத்தார். சட்டம் நுழைய இடமில்லை. பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கட்டைக்கும் கைக்கும் நடுவே இருந்த சந்தில் விட்டு, வெறும் விரல்களால் அறுக்கத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். பாதியில் என்னிடம் கொடுத்தார். அப்பாவின் வண்டியில் ஒரு பாகத்தை அறுப்பது எனக்கு இஷ்டமில்லை. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இது போல்ட்டுதான் சார். போனா வாங்கிக்கலாம். கட்டையைக் காப்பாத்தத்தான் இதை அறுக்கறோம்" என்றார்.

கட்டை வந்தது. வலது பக்கம், தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் யாரும் பிரிக்காதது. தூணிலிருந்து அதைத் திருகிக் கழற்றினார். வாய்ப்பக்கம் கிரீஸ் கறுத்துத் தாராக இறுகியிருந்தது. அதைத் தாண்டி மரைக்குள் ஒன்றுமே இல்லை. செம்மண் நிறத்தில் துரு. மரைகள் கத்திமுனையாகத் தேய்ந்திருந்தன. மரை தொடங்கும் இடத்தில் தூணைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு. நகத்தால் தடவினார், என் விரலைப் பிடித்துத் தடவச் சொன்னார். விரிசல்.

"இங்க கிரீஸ் அடிக்கக் கூடாது. எண்ணெய் விடணும். கிரீஸ் மரைக்குள்ள போகாது. வாயை அடைச்சுக்கிட்டு நிக்கும். இது ஓடியிருந்தா ஒரு நாள் சக்கரம் மடங்கியிருக்கும்" என்றார்.

அப்பாவின் அலமாரியில் வண்டியின் கையேடு பழுப்புத் தாள் அட்டை போட்டு, வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. அந்த இடத்துக்கு கியர் எண்ணெய் என்று அதில் அச்சடித்திருக்கிறது. பக்கத்திலேயே அப்பாவின் நோட்டு. தேதி, கிலோமீட்டர், செலவு. ஒரு முறை தவறாமல் கிரீஸ், கிரீஸ், கிரீஸ். தானே குனிந்து படுத்துக்கொண்டு அடிப்பார், ஆளிடம் விடமாட்டார். எண்ணெய் விடுவதற்காக வைக்கும் நிப்பிளும் கிரீஸ் நிப்பிளும் பார்க்க ஒன்றுதான். 1981-ல் 'இடது முன் சக்கரம், புதிய தூண்' என்று ஒரு வரி. அடுத்த மாதம் மறுபடி கிரீஸ்.

அலட்சியமாக இருந்திருந்தால் அவர்மேல் கோபப்பட்டிருக்கலாம். இத்தனை வருஷமும் யாரிடமும் விடாமல் செய்த பராமரிப்பு அது. நாற்பது வருஷமாக அண்ணாவின் வேகத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. எனக்கும் இருந்தது. நானும் அந்த நோட்டின் துணுக்குகளைப் பார்த்துத்தான் அதை வைத்துக்கொண்டேன். யாரும் சக்கரத்தைப் பார்க்கவில்லை. உடைந்த தூணைப் பட்டறைக்காரர் எடைக்குப் போட்டுவிட்டார்.

பெங்களூர்க்காரரிடம் விரிசலைச் சொன்னேன். தூண் வேண்டாம், மற்றதை எடுத்துக்கொள்கிறேன் என்றார். தூணை நான் வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி பரோடாவுக்குப் பேசினேன். கிரீஸ், எண்ணெய், மரை, விரிசல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுமுனையில் வெகு நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"போல்ட் வந்துதா, அறுத்தியா?" என்றான்.

"அறுத்தேன்."

"அம்மாகிட்ட சொல்லு" என்றான்.

அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய வழக்கம். தூணைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.